சம்பளச் சீட்டை விரித்து வையுங்கள்!

தோழர்களே!

பதுளையிலிருந்து பசறை, நமுனுகுல, லுணுகலை, மடுல்சீமை வரையிலும், இந்தப் பக்கம் ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, ஹப்புத்தளை, ஹல்துமுல்லை, கொஸ்லந்தை வரையிலும் மலையேறிக் கொழுந்து பறிக்கும் அக்காமாரே, தங்கைமாரே! கவ்வாத்து வெட்டும், மருந்தடிக்கும், தொழிற்சாலையில் இரவெல்லாம் கண்விழிக்கும் அண்ணன்மாரே, தம்பிமாரே! மொனராகலைப் பக்கம் றப்பர் பால் வெட்டும் உறவுகளே!

வரும் சம்பள நாளன்று தோட்டம் தரும் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குள் போய்விடாதீர்கள். லயத்து இஸ்தோப்பில் விரித்து வையுங்கள். படிக்கிற பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பக்கத்துக் காம்பராக்காரர்களையும் கூப்பிடுங்கள். 45 வயதைத் தாண்டிய எவரும் வராமல் இருக்கக் கூடாது. வேலை விட்ட பிறகு நாம் எதைச் சாப்பிடப்போகிறோம் என்பது அந்தச் சீட்டில்தான் மாதாமாதம் எழுதப்படுகிறது, அல்லது எழுதப்படாமல் விடப்படுகிறது.

அரசாங்க உத்தியோகத்தருக்குக் கடைசி மூச்சுவரை ஓய்வூதியம் வருகிறது. 1987இல் விவசாயிகளுக்கென்று ஒரு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தார்கள். 1990இல் மீனவர்களுக்குக் கொண்டுவந்தார்கள். தேயிலைத் தொழிலாளிக்கு யாரும் கொண்டுவரவில்லை. நமக்கு இருப்பது ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதியம், சேவைக்காலப் பணம் என்ற மூன்று காசு மட்டும். ஒருமுறை கைக்கு வந்தால் அதோடு சரி. அந்தக் காசு வேலை விடுகிற நாளில்தான் குறைகிறது என்று நினைக்கிறோம். அப்படியில்லை தோழர்களே. 20, 30 வருடங்களாக ஒவ்வொரு மாதமும் நம் கண்ணெதிரிலேயே அது குறைந்துகொண்டு வந்திருக்கிறது. கடைசி நாளில்தான் நமக்குத் தெரியவருகிறது. அன்றைக்குக் கத்தி என்ன செய்ய? சண்டையை இந்த மாதமே தொடங்க வேண்டும்.

நமக்கு முன்னே வேலை விட்டுப் போனவர்களைப் பாருங்கள். எந்த மலையிலும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கும் வரிசையின் கடைசியில் நிற்பது யார்? அறுபதைக் கடந்த அம்மாமார். இடுப்பில் படங்கு, காலில் வாரறுந்த ரப்பர் செருப்பு, முட்டியில் வலிக்குத் தடவிய தைலத்தின் வாசனை. செக்ரோலில் அவர்களுக்குப் பேர் இல்லை. எடுத்த கொழுந்துக்குக் கிலோ கணக்கில் காசு, அதோடு முடிந்தது. சேமலாப நிதியும் கிடையாது, விழுந்தால் கேட்பாரும் கிடையாது. கிளினிக் நாளில் பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் போக பஸ் காசு வேண்டும். அங்கே இல்லாத மருந்தை வெளியே வாங்கக் காசு வேண்டும். அதற்காகத்தான் அந்த முட்டியோடு மலையேறுகிறார்கள். ஆயுளில் பாதிக்கு மேல் இந்த மலைக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். சேவைக்காலப் பணம் முழுதாக வந்துவிட்டதா என்று கேட்டால், பாதி வந்தது, மீதி துண்டு துண்டாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்கிறார்கள்.

சம்பாதித்த காலத்தில் சேமித்திருக்கலாமே என்று டவுனில் இருந்துகொண்டு சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு நம் சம்பளக் கணக்கைச் சொல்லுங்கள். 2013இல் அடிப்படை நாட்சம்பளம் 450 ரூபாய். 2016இல் 500. 2019இல் 700. 1000 ரூபாய் என்பதற்காக எத்தனை ஊர்வலம், எத்தனை மறியல்! அதுவும் 2021இல்தான் வந்தது. 2024 மே மாதம் 1700 என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்டெம்பரில் 1350 என்று முடிந்தது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1550 ரூபாயும், அதற்கு மேல் வருகைக்காக அரசாங்கம் தரும் 200 ரூபாயும் என்று அறிவித்தார்கள். இந்தச் சம்பளத்தில் அரிசி, மா, பிள்ளையின் கொப்பி, சங்கச் சந்தா எல்லாம் போக மிஞ்சுவதில் எதைச் சேமிப்பது? சட்டம் நமக்காகச் சேமிக்கச் சொன்னது அந்த மூன்று காசைத்தான். அதையாவது ஒரு சதம் குறையாமல் வாங்கத் தெரிந்தவர்களாக நாம் இருக்க வேண்டும்.

இனிச் சீட்டுக்கு வருவோம்.

சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டினுடையது, 15ஆம் இலக்கம். தொழிலாளியின் பங்கு குறைந்தது நூற்றுக்கு 8, தோட்டத்தின் பங்கு குறைந்தது நூற்றுக்கு 12. நம்பிக்கை நிதியம் 1980இல் வந்தது. அதற்குத் தோட்டம் மட்டும் நூற்றுக்கு 3 கட்ட வேண்டும், நம் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது. 1550 ரூபாய்ப்படி மாதம் 18 நாள் வேலை செய்த ஒருவருக்குச் சம்பளம் 27,900 ரூபாய். அதில் அவருடைய 8 வீதம் 2,232 ரூபாய். தோட்டம் போட வேண்டியது 3,348 ரூபாய். இரண்டும் சேர்ந்து அந்த மாதம் அவருடைய கணக்கில் 5,580 ரூபாய் ஏற வேண்டும். நம்பிக்கை நிதியத்தில் வேறாக 837 ரூபாய். உங்கள் சீட்டில் இந்தக் கணக்கு வருகிறதா என்று பாருங்கள். சீட்டில் வந்தால் மட்டும் போதாது, மத்திய வங்கியிலுள்ள உங்கள் கணக்கிலும் அது ஏற வேண்டும். நம்மிடம் பிடித்த காசை வங்கிக்கு அனுப்பாமல் மாதக்கணக்கில் வைத்திருந்த தோட்டங்கள் உண்டு. அரச பெருந்தோட்ட நிறுவனங்களிலேயே கட்டாத நிலுவை மலைபோல் குவிந்தது நாடறிந்த விஷயம். அதனால் சேமலாப நிதியின் கணக்கு அறிக்கையைக் கேட்டு வாங்கி, சீட்டோடு சேர்த்து ஒரே உறையில் போட்டு வையுங்கள். பிந்திக் கட்டும் முதலாளி, தாமதத்துக்கேற்ப நூற்றுக்கு 50 வரை மேலதிகமாகச் செலுத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. புகார் செய்தால்தான் அந்தச் சட்டத்துக்கு உயிர் வரும்.

அடுத்து வேலை நாளைப் பாருங்கள். பிரட்டுக்குப் போய், மலையில் நின்று, கிலோ குறைந்தது என்று அரைப்பேர் போட்ட நாட்கள் எத்தனை? அரைப்பேர் போட்ட அன்று அரைநாள் சம்பளத்தோடு சேமலாப நிதியிலும் பாதி போகிறது. நிறுவையில் ஈரத்துக்கு என்றும் கூடைக்கு என்றும் கழிக்கும் ஒவ்வொரு கிலோவும், 60 வயதில் நம் கிளினிக் காசாக இருந்திருக்கும். இதைச் சின்ன விஷயம் என்று விடுகிறோமே, விடலாமா?

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்றும் இருந்தது. 2016 ஒப்பந்தத்தில் நாளுக்கு 730 ரூபாய் என்று பெரிதாகச் சொன்னார்கள். அதில் அடிப்படைச் சம்பளம் 500 தான். மற்ற 230 ரூபாயை வருகை, உற்பத்தி, விலைப் பங்கு என்று வேறு வேறு பெயர்களில் பிரித்துப் போட்டார்கள். சேமலாப நிதியை 500க்கு மட்டும் கணக்குப் பார்த்தார்கள். அந்த 230க்கும் பார்த்திருந்தால், நம் பங்கும் தோட்டத்தின் பங்குமாக நாளுக்கு 46 ரூபாய் கூடுதலாக ஏறியிருக்கும். 2013 ஒப்பந்தத்திலும் இதே கதைதான்: 620 ரூபாயில் அடிப்படை 450. அந்த ஒப்பந்தங்களில் கையெழுத்திட்ட சங்கங்களும் இதற்குப் பதில் சொல்ல வேண்டியவை. ஆகவே இனிச் சம்பளப் பேச்சுக்கு யார் போனாலும், எந்தக் கொடியோடு போனாலும், நாம் முதலில் கேட்க வேண்டியது மொத்தம் எவ்வளவு என்பதல்ல, அதில் எவ்வளவுக்குச் சேமலாப நிதி உண்டு என்பதைத்தான். அந்த 200 ரூபாய் வருகைக் காசுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

சேவைக்காலப் பணத்தைப் பற்றி நம் ஆட்களுக்குத் தெரிந்தது மிகக் குறைவு. தோட்டம் மனமிரங்கித் தருகிற காசு என்றே பலர் நினைக்கிறார்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி அது நம் உரிமை. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் பூர்த்தியானவர் எந்தக் காரணத்தால் வேலை விட்டாலும் அவருக்கு அது உண்டு. நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தின்படி. 30 வருடம் வேலை செய்தவருக்கு 420 நாள் சம்பளம். 1550 ரூபாய்ப்படி 6,51,000 ரூபாய்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு இன்னொன்றைப் பாருங்கள். 2013இல் 450 ரூபாயில் 30 வருடத்தோடு வேலை விட்டவருக்கு வரவேண்டியது 1,89,000 ரூபாய். அதையும் உடனே கொடுக்காமல் வருடக்கணக்கில் இழுத்தடித்தால் என்ன ஆகும்? 2022 செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் நூற்றுக்கு 70 ஐ நெருங்கியது. தேங்காய், மா, பருப்பு விலையெல்லாம் ஏறிய அந்தக் காலத்தில், தோட்டத்துக் கணக்கில் முடங்கிக் கிடந்த காசு என்ன பெறுமதிக்கு இறங்கியிருக்கும்? தாமதிக்கிறவன் நம் காசைத் தின்கிறான். அது தெரிந்துதான் சட்டம் 30 நாள் என்று கெடு வைத்தது. வேலை விட்டு 30 நாளுக்குள் முழுப் பணமும் கைக்கு வர வேண்டும். தாண்டினால் 10 வீதத்தில் தொடங்கி 30 வீதம் வரை மேலதிகமாகக் கொடுக்க வேண்டும். 6,51,000 ரூபாய்க்கு 30 வீதம் 1,95,300 ரூபாய். துண்டு துண்டாகக் காசு வாங்கியவர்களில் எத்தனை பேர் இதைக் கேட்டு வாங்கியிருக்கிறோம்?

வருடக் கணக்கிலும் கண்ணாயிருங்கள். தோட்டம் கைமாறிய காலத்திலும், வேறு டிவிஷனுக்கு மாறிய காலத்திலும் சேவை எந்தத் திகதியிலிருந்து எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு வருடத்தை விட்டுவிட்டால் 43,400 ரூபாய் போய்விடும். லயம் திருத்தியது, பழைய முற்பணம் என்று சேவைக்காலப் பணத்தில் கழிக்க வந்தால் எழுத்தில் கேளுங்கள். மோசடி, களவு, வேண்டுமென்றே செய்த சொத்துச் சேதம் ஆகியவற்றுக்காக வேலைநீக்கப்பட்டவரிடம்கூட, நேர்ந்த நட்டத்தின் அளவுக்குத்தான் பிடிக்கலாம். ஒரு குற்றமும் செய்யாமல் வேலை விட்ட அம்மாவிடம் எதைப் பிடிப்பது?

இன்னொரு விஷயம், குறிப்பாக அக்காமாருக்கு. சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் வேலை விட்டு எடுக்கலாம். 2021இல் வந்த 28ஆம் இலக்கச் சட்டம், அப்போது 52 வயதாகாதவர்களுக்கு ஓய்வு வயதை 60 ஆக்கியது. கடன்காரர் வாசலில் நிற்கிறார் என்பதற்காக 50 வயதில் பேரை வெட்டிக்கொண்டு வராதீர்கள். மிச்ச 10 வருடத்தில் 140 நாள் சம்பளம் சேவைக்காலப் பணத்தில் சேரும். கடைசிச் சம்பளமும் ஏறும். சேமலாப நிதியும் நிற்காமல் ஏறும். கடனுக்கு வேறு வழி பார்ப்போம். சங்கம் என்று ஒன்று எதற்கு இருக்கிறது?

இனி நம் பெயர். செக்ரோலில் லெட்சுமி. அடையாள அட்டையில் மகாலட்சுமி. பழைய சேமலாப நிதி அட்டையில் அப்பாவின் பெயர் முதலில், அதுவும் ஆங்கிலத்தில் யாரோ எழுதிய எழுத்துக்கூட்டில். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கிடையாது, இருந்தால் அதில் பெயர் எழுதும் இடத்தில் கோடு. இந்த நான்கும் ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பதற்கு, வேலை விட்ட பிறகு வருடக்கணக்கில் பதுளைக்கும் கொழும்புக்கும் அலைகிறார்கள். ஏன் இந்தக் கோலம்? 1948இல் நம் குடியுரிமையைப் பிடுங்கினார்கள். 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம்மைத் தலைக்கு இத்தனை என்று பங்குபோட்டார்கள். நாடற்றவர்களாக மிஞ்சியவர்களுக்குக் கடைசியாகக் குடியுரிமை தந்த சட்டம் 2003இல்தான் வந்தது. அடையாள அட்டை இல்லாத காலத்தில் கணக்கப்பிள்ளை எழுதியதே நம் பெயர். அந்தப் பழைய தவறுக்கு இன்றைக்கு 60 வயது அம்மா ஏன் அலைய வேண்டும்? வேலையில் இருக்கும்போதே திருத்துங்கள். தோட்டத்துக் காரியாலயத்தில் இன்னும் நம் பேர் இருக்கிறது, அத்தாட்சி தர ஆள் இருக்கிறது. அடையாள அட்டை இலக்கத்தைச் சேமலாப நிதிக் கணக்கோடு சேர்த்துப் பதியச் சொல்லுங்கள். வேலை விட்டு 5 வருடம் கழித்துப் போனால், உங்களைத் தெரிந்த கிளாக்கரும் மாறிப்போயிருப்பார்.

பின்னுரித்தாளி யார் என்றும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னே அம்மாவின் பெயரை எழுதியவர், அம்மா செத்த பிறகும் மாற்றாமலே இருக்கிறார். அவர் திடீரென்று போய்விட்டால் மனைவி பிள்ளைகளுக்கு அந்தக் காசு வந்துசேர எத்தனை கோடு, எத்தனை கச்சேரி ஏற வேண்டும் தெரியுமா?

பத்திரங்களைத் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறோம், சரி. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தையில் மலை இறங்கியபோது லயங்களோடு ஆட்களும் போனார்கள், பத்திரங்களும் போயின. 2023இல் பூனாகலையில் மண் சரிந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தையே உருக்குலைத்தது. உயிர் தப்பியவர்கள் கையில் அடையாள அட்டைகூட இல்லாமல் பாடசாலைக் கட்டடங்களில் இருந்தார்கள். எல்லாப் பத்திரத்தையும் போனில் படமெடுத்து, வெளியூரிலிருக்கும் பிள்ளைக்கு இன்றே அனுப்பிவிடுங்கள். ஒவ்வொரு டிவிஷனிலும் இளைஞர்கள் இதை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கலாம். புயலில் எல்லாவற்றையும் தொலைத்தவர்களுக்கு முதலில் செய்யுங்கள்.

இப்போது கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

காசு வந்த வாரத்திலேயே அது போய்விடுகிறது. மகளின் கல்யாணக் கடன், அடகில் இருக்கும் தோடு, கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் நுண்கடன் கம்பனிக்காரர், மகனுக்கு ஒரு த்ரீவீல், மருமகனுக்குக் கட்டாருக்குப் போக ஏஜென்சிக் காசு. எல்லாம் அவசியமாகத்தான் இருக்கும். ஆனால் அம்மாவின் சேமலாப நிதி குடும்பத்தின் சேமலாப நிதி அல்ல. அது அவள் 75 வயதிலும் சாப்பிட வேண்டிய காசு. அதைக் கேட்க வரும் மகன்களுக்கும் மருமகன்களுக்கும் நாம்தான், சங்கத்துத் தோழர்கள்தான், முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். குடிக்குப் போகிற கையில் இந்தக் காசு விழாமல் மாதர் சங்கத் தலைவிமார் பார்த்துக்கொள்ள வேண்டும்.

30 வருடச் சேவைக்காலப் பணமான அந்த 6,51,000 ரூபாயை வங்கியில் நிலையான வைப்பில் போட்டு, வருடத்துக்கு 8 வீத வட்டி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 4,340 ரூபாய் வரும். பெரிய காசு அல்ல. ஆனால் மாதாமாதம் வரும், முதலும் குறையாது. விலைவாசி ஏறினால் அதன் வலு குறையும் என்பதும் உண்மைதான், அதனால் இது மட்டுமே போதும் என்று சொல்லவில்லை. 60 வயதைத் தாண்டியவர்களின் வைப்புக்கு மேலதிக வட்டி தருவதாக 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள், அதை வங்கியில் கேளுங்கள். வட்டியில் 10 வீதம் வரியாகக் கழிப்பார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைந்தவர், வரி கழிக்க வேண்டாம் என்று சுயபிரகடனப் படிவம் கொடுக்கலாம். நம்மில் யாருக்கு 18 இலட்சம் வருமானம்? படிவத்தைக் கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுங்கள். இன்னும் வேலையில் இருக்கும் இளையவர்கள், பிரதேச செயலகத்தில் சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். இளவயதில் சேர்ந்தால் தவணை குறைவு. நம்பிக்கை நிதியத்தில் உறுப்பினருக்குக் கண்வில்லை பொருத்தும் செலவு, ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பெறும் பிள்ளைக்கு உதவி என்பவையும் உண்டு. வேலையில் இருக்கும்போது கேட்டால்தான் கிடைக்கும்.

அடுத்த ஆபத்து வாசலுக்கே வந்துவிட்டது. அவுட்குரோவர் முறை என்று சொல்லித் தேயிலை மலையைத் துண்டு துண்டாகப் பிரித்து நம்மிடம் தருகிறார்கள். நீயே பராமரி, நீயே எடு, கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொடு, கிலோவுக்குக் காசு என்கிறார்கள். சில குடும்பங்கள் மாதத்தில் கூடுதலாகக் காண்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காகிதத்தில் கையெழுத்திட்ட அன்றைக்கே நாம் தொழிலாளி இல்லை என்று ஆக்கிவிடுகிறார்கள். செக்ரோலில் பேர் இல்லை. சேமலாப நிதி, நம்பிக்கை நிதியம், சேவைக்காலப் பணம் மூன்றும் போய்விடும். காணியும் நம் பெயரில் இல்லை, கம்பனிக் குத்தகையில்தான் இருக்கிறது. 52 வயது அக்கா ஒருவர் அதில் கையெழுத்திட்டால், 65 வயதில் அவருக்கு மிஞ்சுவது என்ன? எந்தக் காகிதத்திலும் சங்கத்திடம் காட்டாமல் கையெழுத்திட வேண்டாம். ஏற்கனவே கையெழுத்திட்டவர்கள், அதுவரைக்குமான சேவைக்காலப் பணம் கைக்கு வந்ததா என்று உடனே கேளுங்கள்.

இவ்வளவையும் ஒழுங்காக வாங்கினாலும் அது போதாது. அரசாங்கத்தின் முதியோர் கொடுப்பனவு 70 வயதுக்குப் பிறகுதான். 2025இல் அதை 3,000 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். 60 வயதில் வேலை விடுகிறவர் 70 வரை எப்படி இருப்பது? கொழுந்தின் எடையும் மலையின் சரிவும் குளிரும் தேய்த்த உடம்பு அது. 70 வரை பொறுத்திரு என்று அதனிடம் சொல்வது நியாயமா? வேலை விடும் நாளிலிருந்தே மாதாந்த ஓய்வூதியம் வேண்டும். கம்பனியும் அரசும் பங்குபோட்டுக் கட்டட்டும். இது நடக்காத காரியம் என்று சொல்பவர்களுக்கு நேபாளத்தைக் காட்டுங்கள். நம்மைவிட ஏழை நாடு, நம்மைப்போல மலைநாடு. 1995இலேயே முதியவர் எல்லாருக்கும் மாதம் 100 ரூபாய் என்று தொடங்கினார்கள். வயதெல்லையைப் படிப்படியாக இறக்கி, தொகையை 4,000 நேபாள ரூபாய்க்கு ஏற்றினார்கள். அக்கரையில் நீலகிரிக்குப் போய்க் குடியேறிய நம் சொந்தக்காரர்களுக்கு, வருங்கால வைப்பு நிதியோடு மாதம் குறைந்தது 1,000 இந்திய ரூபாய் ஓய்வூதியம் என்று 2014இல் நிர்ணயித்தார்கள். மிகச் சொற்பம், அங்கேயும் கூட்டிக் கேட்டுப் போராடுகிறார்கள். நமக்கு அந்தச் சொற்பமும் இல்லை. ஆடி, ஆவணியில் கச்சான் காற்றடிக்கும்போது எடுக்கும் ஊவாத் தேயிலைக்கு உலகமே தனி விலை கொடுக்கிறது. அந்த வாசனையைக் கூடையில் சுமந்து இறக்கியவளுக்கு மாதம் ஒரு காசு கொடுக்க முடியாதா?

நம்மால் என்ன செய்ய முடியும் என்று மட்டும் கேட்காதீர்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களில் கோவிந்தன் என்பவரைப் பொலிசார் சுட்டுக் கொன்றார்கள். அந்த வேலைநிறுத்த அலை அதே வருடம் ஊவாவுக்கு வந்தது. இங்கே, பதுளைக்குப் பக்கத்தில், வெவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு சபையைத் தெரிவு செய்தார்கள். அந்தச் சபையோடு கலந்து பேசித்தான் நடப்பேன் என்று தொரை ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. அடக்க வந்த பொலிசாரின் ஆயுதங்களையே தொழிலாளர்கள் பறித்தார்கள். பிறகு வெள்ளம் வந்து ஊவாவை வெளியுலகத்திலிருந்து துண்டித்தது, பொலிஸ் அடக்குமுறையும் சேர்ந்தது, அந்த எழுச்சியை ஒடுக்கினார்கள். அவர்களுக்கு வாக்குரிமைகூட ஒழுங்காக இருக்கவில்லை. வாசிக்கத் தெரிந்தவர்களும் சொற்பம். இன்றைக்கு ஒவ்வொரு லயத்திலும் சாதாரண தரம், உயர்தரம் படித்த பிள்ளை இருக்கிறது. ஒவ்வொரு காம்பராவிலும் போன் இருக்கிறது.

ஒவ்வொரு டிவிஷனிலும் ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவை இந்தச் சம்பளத்துக்கு முன்பே தெரிவு செய்யுங்கள். அதில் மூன்று பேராவது பெண்களாக இருக்கட்டும். இ.தொ.கா.வா, தேசிய சங்கமா, செங்கொடியா, வேறு எதுவா என்று பார்க்காதீர்கள், எல்லாச் சங்கத்தவரும் இருக்கட்டும். கணக்குப் பார்க்கத் தெரிந்த பிள்ளை ஒன்று இருக்கட்டும். ஒரு கொப்பி வாங்குங்கள். முதல் பக்கங்களில், வேலை விட்டும் முழுக் காசும் வராதவர்களின் பெயர், வேலை விட்ட திகதி, வந்தது எவ்வளவு, வராதது எவ்வளவு என்று எழுதுங்கள். அவர்களில் புருஷனை இழந்தவர்களை முதலில் எழுதுங்கள். அடுத்த பக்கங்களில் இந்த வருடமும் அடுத்த வருடமும் 60 ஆகிறவர்கள். அதற்கடுத்து, பெயரில் பிழை உள்ளவர்கள். கொப்பியின் ஒரு பிரதியைத் தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதத்தோடு கொடுங்கள், பதிலுக்கு 14 நாள் தவணை வையுங்கள்.

பதில் வராவிட்டால் பதுளை தொழில் காரியாலயம். அங்கே தனியாக ஒருவரையும் அனுப்பாதீர்கள். தனியாகப் போனவர், நாளைக்கு வாருங்கள் என்ற ஒரு வார்த்தையோடு திரும்பிவருவார். பஸ் காசைக் குழு பொறுப்பெடுக்கட்டும், சந்தா வாங்கும் சங்கங்களும் போடட்டும். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், அது நம் உரிமை. தொழில் ஆணையாளர் நினைத்தால், கட்டாத காசை நீதவான் நீதிமன்றத்தின் மூலம் தண்டப்பணம்போல அறவிடலாம், அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். மாதக்கணக்கில் நகராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், நம் முறைப்பாடு எங்கே நிற்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

தொழில் காரியாலயத்துக்கு வரும்போது அடையாள அட்டை, சேமலாப நிதி இலக்கம், வங்கிப் புத்தகம், கையில் உள்ள பழைய சம்பளச் சீட்டு அத்தனையும், ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதியாக எடுத்து வாருங்கள். முறைப்பாட்டின் உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் அந்தக் காரியாலயத்தை விட்டு வெளியே வராதீர்கள்.